பாதியில் எழுந்து போனவர்கள்

பஃபலோவில் நான் இருந்த காலத்தில், நடுவயதைத் தாண்டிய யாரிடம் பேச்சுக் கொடுத்தாலும் பத்து நிமிடத்துக்குள் ஒரு தகவல் வந்துவிடும். 1993 ஜனவரி 3-ஆம் தேதி நடந்த அந்த அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தின்போது அவர் மைதானத்தில் இருந்தார். எனக்கு முடி வெட்டியவர் இருந்தார். எங்கள் வளாகத்துப் பேருந்து ஓட்டுநர் இருந்தார். ஒருமுறை பல் பிடுங்கப் போனபோது, வாயில் பஞ்சை வைத்துவிட்டு அந்த டாக்டரும் தான் இருந்ததாகச் சொன்னார். நான் தலையை மட்டும் ஆட்டினேன். அன்று உள்ளே இருந்தவர்கள் 75,141 பேர் என்கிறது பதிவு. நான் சந்தித்தவர்களை வைத்துக் கணக்குப் போட்டால் ஐந்து லட்சம் பேராவது இருந்திருக்க வேண்டும்.

நடுவில் எழுந்து போய்விட்டேன் என்று ஒப்புக்கொண்டவர் ஒரே ஒருவர்தான். என் வீட்டுக்காரர், அதாவது எனக்கு வீட்டை வாடகைக்கு விட்டவர்.

2010-இல் முதுகலை படிக்க அங்கே போனேன். ஒரு மர வீட்டின் மாடியில் வாடகைக்கு இருந்தேன், கீழே அவர். பஃபலோ நியூயார்க் மாநிலத்தில்தான் இருக்கிறது. ஆனால் நியூயார்க் நகரத்துக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ஈரி ஏரியின் ஓரம், கனடாவைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிற ஊர். ஒரு காலத்தில் எஃகு ஆலைகள் சோறு போட்டன. 1980-களில் அவை மூடியபிறகு மிச்சமிருந்தவை பனி, கோழி இறக்கை வறுவல், பஃபலோ பில்ஸ் என்கிற கால்பந்து அணி. நான் போன காலத்தில் அந்த அணி பிளேஆஃப் பக்கம் தலைவைத்துப் படுத்தே பத்து வருடம் ஆகியிருந்தது. அதனால் ஊர் முழுக்கப் பழைய கதைதான் ஓடிக்கொண்டிருந்தது. வாழ்ந்து கெட்ட குடும்பத்தில் தாத்தா காலத்து யானையைப் பற்றிப் பேசுவார்களே, அந்த மாதிரி.

அந்த யானைதான் இந்த ஆட்டம்.

அமெரிக்கக் கால்பந்து தெரியாதவர்களுக்கு, இந்தக் கதைக்குத் தேவையான அளவுக்கு மட்டும் சொல்கிறேன். மைதானம் நூறு யார்டு நீளம். பந்து கையில் இருக்கும் அணிக்கு நான்கு முயற்சிகள். அதற்குள் பத்து யார்டு முன்னேறினால் மறுபடி நான்கு கிடைக்கும், இல்லையென்றால் பந்து எதிரிக்கு. கடைசிக் கோட்டைத் தாண்டிக் கொண்டுபோனால் டச் டவுன், 6 புள்ளி. அதற்குப்பின் ஒரு சின்ன உதையில் இன்னும் 1. அவ்வளவு தூரம் போக முடியாதபோது கம்பங்களுக்கு நடுவே உதைத்து 3 புள்ளியோடு திருப்திப்படலாம். அது ஃபீல்டு கோல். அணியின் மூளை குவார்ட்டர்பேக். பந்தை வாங்கி, எறிவதா இன்னொருவரிடம் கொடுப்பதா என்று இரண்டு மூன்று நொடியில் முடிவெடுப்பவர் அவர். மொத்தம் அறுபது நிமிடம், பதினைந்து பதினைந்தாக நான்கு பகுதிகள். எறிந்த பந்தை யாரும் பிடிக்காமல் தரையில் விழுந்தால் கடிகாரம் நிற்கும். இந்தக் கடைசி விஷயத்தை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

அன்று வந்த எதிரணி ஹூஸ்டன் ஆயிலர்ஸ். ஒரு வாரம் முன்புதான், லீக் சுற்றின் கடைசி ஆட்டத்தில், ஹூஸ்டனில் வைத்து பில்ஸை 27-3 என்று அடித்திருந்தார்கள். அந்த ஆட்டத்தில் பில்ஸின் குவார்ட்டர்பேக் ஜிம் கெல்லியின் முழங்கால் போயிற்று. கெல்லி அந்த ஊரின் சூப்பர் ஸ்டார். அணியை அதற்கு முந்தைய இரண்டு வருடமும் லீகின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுல் வரை கொண்டுபோனவர். இரண்டிலும் தோல்வி, அது வேறு கதை. இப்போது தோற்றால் வீட்டுக்கு என்கிற பிளேஆஃப் ஆட்டம். கெல்லி இல்லை. அவர் இடத்தில் ஃபிராங்க் ரைக்.

ரைக்கின் தொழில் காத்திருப்பது. 1985-இல் பில்ஸில் சேர்ந்தார். அடுத்த வருடமே கெல்லி வந்துவிட்டார். அன்றிலிருந்து ஏழு வருடமாக ஓரத்தில் தொப்பி போட்டுக்கொண்டு, கையில் அட்டை வைத்துக்கொண்டு நிற்பதுதான் வேலை. மாற்று ஆட்டக்காரனுக்கு இருக்கிற சங்கடம் நமக்கும் தெரிந்ததுதானே. கச்சேரிக்கு வித்வான் வரவில்லை, உள்ளூர்க்காரர் பாடுவார் என்று அறிவித்தால் சபையில் எழும் அந்தச் சலசலப்பு. ஊரும் அப்படித்தான் இருந்தது. டிக்கெட் முழுதும் விற்கவில்லை. முன்கூட்டியே எல்லா இருக்கையும் விற்றுத் தீராவிட்டால் அந்த வட்டாரத்துத் தொலைக்காட்சியில் ஆட்டத்தைக் காட்டக்கூடாது என்று அந்த லீகில் அப்போது ஒரு விதி. அதனால் அமெரிக்கா முழுக்கப் பார்த்த அந்த ஆட்டத்தைச் சொந்த ஊர்க்காரன் வீட்டிலிருந்து பார்க்க முடியவில்லை. 1983-இல் டன்பிரிட்ஜ் வெல்ஸில் 17 ரன்னுக்கு 5 விக்கெட் போனபின் கபில் தேவ் அடித்த 175-க்கு வீடியோவே கிடையாது என்று நாம் அங்கலாய்ப்போம் இல்லையா? பஃபலோக்காரனின் ஆற்றாமை அதைவிட ஒரு படி மேல். படம் இருந்தது, உலகம் பார்த்தது, அவனுக்கு மட்டும் ரேடியோ.

முதல் பாதி கொலை. ஹூஸ்டனின் வாரன் மூன் 22 முறை எறிந்தார், 19 முறை பந்து போய்ச் சேரவேண்டிய கைக்குப் போய்ச் சேர்ந்தது. நான்கு டச் டவுன். பில்ஸுக்குக் கிடைத்தது ஒரே ஒரு ஃபீல்டு கோல். பாதி ஆட்டத்தில் 28-3. போதாததற்கு பில்ஸின் முக்கிய ஓட்டக்காரர் தர்மன் தாமஸும் இடுப்பில் அடிபட்டு வெளியே உட்கார்ந்தார். மூன்றாம் பகுதி தொடங்கி இரண்டு நிமிடம் ஆவதற்குள், ரைக் எறிந்த பந்து பிடிக்கவேண்டியவர் கையில் பட்டுத் தெறித்தது. ஹூஸ்டனின் பபா மெக்டவல் அதைப் பிடித்து 58 யார்டு ஓடி டச் டவுன் ஆக்கினார். 35-3. ஹூஸ்டன் ரேடியோவின் வர்ணனையாளர், மைதானத்து விளக்குகள் காலையிலிருந்து எரிகின்றன, பில்ஸைப் பொறுத்தவரை இனி அணைத்துவிடலாம் என்கிற பொருள்பட ஏதோ சொன்னார். பாவம், அந்த ஒரு வாக்கியத்துக்காக அவரை இன்றுவரை விடவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

இந்த இடத்தில்தான் என் வீட்டுக்காரர் எழுந்தார்.

பக்கத்தில் எட்டு வயது மகன். அன்று குளிர் பஃபலோ கணக்கில் பெரிதாக ஒன்றும் இல்லையாம், காற்றுதான் தாங்கவில்லை. பையனுக்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. "குழந்தைக்காகத்தான் கிளம்பினோம்" என்று அவர் இருபது வருடம் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு குளிர்கால ராத்திரி, பனி வாரிப் போட்டு முதுகு உடைந்து இருவரும் பீரோடு உட்கார்ந்திருந்தபோதுதான் என்னிடம் உண்மையைச் சொன்னார். பையன் போகவேண்டாம் என்று அழுதானாம். இவர்தான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்திருக்கிறார். கோபம். வண்டிகள் நெருக்கியடிப்பதற்குள் போய்விடலாம் என்கிற புத்திசாலித்தனம் வேறு. அந்தக் கடைசிக் காரணத்தைச் சொல்லும்போது மட்டும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

சரி, இவர் படி இறங்கிக்கொண்டிருந்தபோது உள்ளே நடந்ததைப் பார்ப்போம். அதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல ஆசை. ஏனென்றால் இந்த ஆட்டத்தைத் தன்னம்பிக்கைப் பேச்சாளர்கள் கையில் எடுத்துக் கெடுத்துவிட்டார்கள். நம்பினார்கள், வென்றார்கள் என்று இரண்டே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். நான் இதை யூடியூபில் குறைந்தது ஆறேழு முறை முழுதாகப் பார்த்திருக்கிறேன். 35-3 ஆனபோது அந்த ஓரத்தில் நின்ற முகங்கள் எதிலும் எனக்கு நம்பிக்கை தெரியவில்லை. வேலை நேரம் இன்னும் முடியவில்லையே என்று நிற்கிறவர்களின் முகம்தான் தெரிந்தது.

முதலில் கணக்கு. பின்தங்கியது 32 புள்ளி. டச் டவுனுக்குப் பின் ஒற்றைப் புள்ளி உதைக்குப் பதிலாக இரண்டு புள்ளிக்கு முயலலாம் என்கிற விதி இந்த லீகுக்கு 1994-இல்தான் வந்தது. ஆகவே நான்கு டச் டவுனும் ஒரு ஃபீல்டு கோலும் எடுத்தாலும் 31-தான், ஒன்று குறையும். ஐந்து டச் டவுன் வேண்டும், இல்லையென்றால் நான்கோடு இரண்டு ஃபீல்டு கோல். மீதம் இருபத்தெட்டு நிமிடம். எதிரி சும்மா இருக்கவும் வேண்டும். அதுவரை அந்த லீகில் எந்த அணியும் 28-க்கு மேல் பின்தங்கி வென்றதில்லை. அந்த 28-உம் 1980-இல் ஜோ மான்டானாவின் சான் பிரான்சிஸ்கோ செய்தது.

அடுத்து காற்று. டச் டவுன் ஆனபின் எடுத்த அணி எதிரிக்குப் பந்தை உதைத்துக் கொடுக்கவேண்டும். ஹூஸ்டனின் அல் டெல் கிரெக்கோ ஓடிவந்து உதைக்கும் நொடியில் காற்று பந்தை அசைத்துவிட்டது. தூரப் பறக்கவேண்டிய பந்து தரையோடு உருண்டு மைதானத்தின் நடுவிலேயே பில்ஸிடம் சிக்கியது. எனவே 80 யார்டுக்குப் பதிலாக 50 யார்டு போனால் போதும். பத்து ஆட்டத் துணுக்குகளில் (ஒரு முயற்சி ஒரு துணுக்கு) மெல்ல ஊர்ந்து போய், தாமஸுக்குப் பதிலாக வந்த கென்னத் டேவிஸ் ஒரு யார்டு முட்டிப் புகுந்தார். 35-10. யாரும் கைதட்டக்கூட இல்லை என்று சொல்லமாட்டேன். தட்டினார்கள், குளிருக்கு.

உடனே பில்ஸ் ஆன்சைட் கிக் என்கிற குறுக்குவழியை எடுத்தது. எதிரிக்குத் தூரமாக உதைக்காமல் பத்து யார்டு மட்டும் உருட்டி, தானே பாய்ந்து பிடித்துக்கொள்வது. பெரும்பாலும் பலிக்காது. அன்று பலித்தது, அதுவும் உதைத்த ஸ்டீவ் கிறிஸ்டியே பந்தின்மேல் விழுந்தார். உதைப்பவர்கள் பொதுவாக மல்லுக்கட்டில் இறங்கமாட்டார்கள். சட்டையில் அழுக்குப் படாத ஜாதி. அந்தக் காட்சி எனக்கு எப்போதும் பிடிக்கும்.

பிறகு டான் பீபிக்கு 38 யார்டு எறிதல். 35-17. இதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. பந்தைப் பிடிக்கப் போகும் வழியில் பீபியின் கால் ஓரக்கோட்டுக்கு வெளியே பட்டது. விதிப்படி அந்த டச் டவுன் செல்லாது. நடுவர் கவனிக்கவில்லை. வீடியோவில் திரும்பப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் முறையை லீக் அதற்கு முந்தைய சீசனோடு நிறுத்தியிருந்தது, 1999-இல்தான் மறுபடி கொண்டுவந்தது. ஆக, சரியாக அந்த இடைவெளியில் விழுந்த கால் அது. பஃபலோவில் இதைச் சொல்லிப் பாருங்கள், உங்களுக்கு அடுத்த பீர் வராது.

ஹூஸ்டன் பந்தை வாங்கி ஒன்றும் செய்யமுடியாமல் திருப்பிக் கொடுத்தது. ஆண்ட்ரே ரீடுக்கு 26 யார்டு. 35-24. அடுத்த முறை மூன் எறிந்த பந்தை பில்ஸின் ஹென்றி ஜோன்ஸ் பறித்தார். நான்காவது முயற்சி, வேண்டியது ஐந்து யார்டு. ஃபீல்டு கோல் உதைத்து மூன்று புள்ளி வாங்கிக்கொள்ளலாம். பயிற்சியாளர் மார்வ் லெவி வேண்டாம் என்றார். ரைக் எறிந்தார், மறுபடி ரீடு, 18 யார்டு. 35-31. டேவிஸ் முட்டிப் புகுந்ததிலிருந்து இதுவரை ஆட்டக் கடிகாரத்தில் ஓடியது ஏழு நிமிடத்துக்கும் குறைவு. மூன்றாம் பகுதியே இன்னும் முடியவில்லை.

இப்போது கார் ரேடியோவுக்கு வருவோம். ஆர்ச்சர்ட் பார்க்கில் மைதானத்தைச் சுற்றி இருக்கிற வீட்டுக்காரர்கள் தங்கள் புல்தரையில் வண்டி நிறுத்த விட்டுக் காசு வாங்குவார்கள். அப்படி ஒரு வீட்டிலிருந்து வண்டியை எடுத்தபோது 35-10. உச்சுக்கொட்டினார். நெடுஞ்சாலைக்குத் திரும்பும் இடத்தில் 35-17. பெட்ரோல் போடுகிற சாக்கில் ஒரு பங்க்கில் நிறுத்தினார். அங்கே இன்னும் நான்கைந்து வண்டிகள், எல்லாவற்றிலும் பில்ஸ் தொப்பி போட்ட ஆண்கள், யாரும் பெட்ரோல் போடவில்லை. எல்லாக் கண்ணாடியும் இறங்கியிருந்தது, எல்லா ரேடியோவிலும் பில்ஸ் வர்ணனையாளர் வேன் மில்லரின் குரல். 35-24 ஆனதும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் வண்டியைத் திருப்பினார்கள். பின் இருக்கையிலிருந்து பையன் ஒரே ஒரு வார்த்தை சொன்னானாம். அதை இங்கே எழுத முடியாது. எட்டு வயதுப் பையனுக்கு அந்த வார்த்தை தெரியும் என்பதே தகப்பனுக்கு அன்றுதான் தெரிந்தது.

வெளியே போனவர்களைத் திரும்ப விடமாட்டேன் என்றார்கள் வாசலில். ஆட்கள் வேலி ஏறிக் குதித்தார்கள். எங்கள் பஸ் ஓட்டுநர் தான் குதித்ததாகச் சொன்னார் (அப்படியானால் அவரும் எழுந்து போனவர்தான், ஆனால் அந்தப் பகுதியை அவர் சொன்னதில்லை. எனக்கு அப்போது கேட்கத் தோன்றவில்லை). என் வீட்டுக்காரர் குட்டையான மனிதர், தொப்பை வேறு, கையில் குழந்தை. வேலிக்கு இந்தப் பக்கமே வண்டியில் உட்கார்ந்துவிட்டார். முதலில் உள்ளிருந்து பெரிய இரைச்சல் எழும், என்ன ஆயிற்று என்று ரேடியோ சொல்ல ஒரு மூச்சு நேரம் ஆகும். அந்த ஒரு மூச்சு நேரம்தான் தன் வாழ்க்கையிலேயே நீளமானது என்றார். இரைச்சலை வைத்தே இது நல்லதா கெட்டதா என்று பையன் சரியாகச் சொல்ல ஆரம்பித்துவிட்டானாம்.

நான்காம் பகுதியில் ஹூஸ்டன் ஒருவழியாக முன்னேறி ஃபீல்டு கோலுக்கு வந்தது. பந்தைத் தரையில் நிறுத்திப் பிடிக்கவேண்டியவர் கை நழுவவிட்டார். அந்த மூன்று புள்ளி போயிற்று. பில்ஸ் 74 யார்டு நகர்ந்தது. முடிய மூன்று நிமிடம் எட்டு நொடி இருக்கும்போது மறுபடி ரீடு, 17 யார்டு. 38-35. முன்னிலை! ரீடின் மூன்று டச் டவுனும் இரண்டாம் பாதியில் வந்தவை. ஆனால் மூன் லேசுப்பட்டவர் இல்லை. மெல்லக் கொண்டுபோய், பன்னிரண்டு நொடி மிச்சம் வைத்து டெல் கிரெக்கோவை உதைக்கச் செய்தார். 38-38. கூடுதல் நேரம்.

யார் முதலில் புள்ளி எடுத்தாலும் ஆட்டம் முடிந்தது என்பது அன்றைய விதி. டாஸ் ஹூஸ்டனுக்கு. பந்தும் அவர்களுக்கு. மூன்றாவது ஆட்டத் துணுக்கில் மூன் எறிந்ததை நேட் ஓடம்ஸ் பறித்தார். அவரை நிறுத்தும்போது ஹூஸ்டன்காரர் முகக்கவசக் கம்பியைப் பிடித்து இழுத்ததற்கு மேலும் 15 யார்டு தண்டனை. டேவிஸை இரண்டு தடவை ஓடவிட்டார்கள். கிறிஸ்டி 32 யார்டிலிருந்து உதைத்தார். 41-38.

ஹூஸ்டன் எப்படித் தோற்றது என்பதுதான் எனக்கு இதில் சுவாரசியமான கேள்வி. தொண்டை அடைத்துப்போனது, பயந்துவிட்டார்கள் என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். மூன் அன்று மொத்தம் 50 எறிந்து 36 சேர்த்தவர், 371 யார்டு. பயந்தவன் எண்கள் இல்லை இவை. கடிகாரம் பற்றி முன்பு சொன்னேனே, அதைத் தவிர எனக்கு வேறு நல்ல விளக்கம் தெரியவில்லை. ஹூஸ்டன் ஆடியது ரன் அண்ட் ஷூட் என்கிற முறை. நான்கு ஆட்களைப் பந்து பிடிக்க விரித்துவிட்டு எறிந்துகொண்டே இருப்பது. 35 புள்ளி எடுக்க அதைவிட நல்ல முறை இல்லை. எடுத்த 35-ஐக் காப்பாற்ற அதைவிட மோசமான முறையும் இல்லை. முன்னிலையில் இருப்பவன் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடி, ஓடி, விழுந்து, எழுந்து, நேரத்தைத் தின்னவேண்டும். இவர்கள் எறிந்தார்கள். தரையில் விழுந்த ஒவ்வொரு பந்தும் கடிகாரத்தை நிறுத்தி பஃபலோவுக்குக் கொஞ்சம் உயிர் கொடுத்தது. அவர்களுக்குத் தெரிந்த ஆட்டம் அது ஒன்றுதான். ஆட்டம் முடிந்த கையோடு ஹூஸ்டன் நிர்வாகம் தடுப்பாட்டப் பயிற்சியாளர் ஜிம் எடியை வீட்டுக்கு அனுப்பியது. இப்படிப்பட்ட தோல்விக்குப்பின் யாராவது ஒருவரை அனுப்பத்தானே வேண்டும்.

ரைக்குக்கு இது முதல் முறை அல்ல என்பதுதான் கதையில் நம்பமுடியாத பகுதி. 1984 நவம்பரில், மேரிலாண்ட் பல்கலைக்கழகத்துக்கு ஆடியபோது, மயாமிக்கு எதிராக அவர் அணி பாதி ஆட்டத்தில் 31-0 என்று கிடந்தது. அன்றும் அவர் ஓரத்தில் இருந்தவர்தான், இரண்டாம் பாதியில்தான் இறக்கினார்கள். 42-40 என்று வென்றார்கள். அதுவரை கல்லூரிக் கால்பந்தில் அதைவிடப் பெரிய மீட்பு இல்லை. ஒரே மனிதன், இரண்டு சாதனையும், இரண்டு முறையும் இன்னொருவர் இடத்தில் நின்று. அந்த மயாமி அணியின் பயிற்சியாளர் ஜிம்மி ஜான்சன். அதே ஜான்சன்தான் பிறகு டாலஸ் கவ்பாய்ஸுக்குப் போனார். ஹூஸ்டனை வென்ற நான்கு வாரத்தில் பில்ஸ் சூப்பர் பவுலில் அந்த டாலஸைத்தான் சந்தித்தது. கெல்லி திரும்பி வந்திருந்தார், இரண்டாம் பகுதியில் மறுபடி அடிபட்டார். மறுபடி ரைக் உள்ளே போனார். இந்த முறை 52-17, தோல்வி. ஜான்சனுக்குக் கணக்குத் தீர்ந்தது.

அடுத்த வருடமும் பில்ஸ் சூப்பர் பவுலுக்குப் போய்த் தோற்றது. தொடர்ந்து நான்கு. ஹூஸ்டன் அணியோ 1997-இல் ஊரையே காலி செய்து டென்னசிக்குப் போய்விட்டது, பிற்பாடு டைட்டன்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டது. 2000 ஜனவரி 8-ஆம் தேதி அதே அணியை பில்ஸ் பிளேஆஃபில் சந்தித்தது. பதினாறு நொடி இருக்கும்போது அதே கிறிஸ்டி உதைத்து 16-15 என்று முன்னிலை வாங்கிக் கொடுத்தார். பிறகு அவரே எதிரிக்கும் உதைத்துக் கொடுத்தார். பந்தைப் பிடித்தவர்கள் மைதானத்துக்குக் குறுக்கே ஒரு எறி எறிந்து, கெவின் டைசன் 75 யார்டு ஓடி முடித்துவிட்டார். 22-16. அதற்கப்புறம் பதினேழு வருடம் பஃபலோவுக்கு பிளேஆஃபே இல்லை. அந்தப் பாலைவனத்தின் நடுவில்தான் நான் போய் இறங்கியிருந்தேன்.

ரைக் பயிற்சியாளர் ஆனார். பிலடெல்பியா ஈகிள்ஸின் தாக்குதல் ஆட்டத்துக்குப் பொறுப்பாளராக இருந்தபோது, அவர்களுடைய குவார்ட்டர்பேக் சீசன் முடியும் நேரத்தில் அடிபட்டார். மாற்று ஆளாக வந்த நிக் ஃபோல்ஸ் 2018 பிப்ரவரியில் சூப்பர் பவுலை வென்று கொடுத்தார். மாற்று ஆளைத் தயார் செய்ய ரைக்கைவிடப் பொருத்தமான ஆசிரியர் யார் இருக்க முடியும் என்று அன்றிரவு வீட்டுக்காரர் எனக்குச் செய்தி அனுப்பினார். நான் அப்போது நியூஜெர்சிக்கு வந்துவிட்டிருந்தேன். அந்த வெற்றியோடு ரைக்குக்கு இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் அணியின் தலைமைப் பயிற்சியாளர் பதவி கிடைத்தது. 2022 நவம்பரில், சீசன் நடுவிலேயே, அவரை வேலையை விட்டு எடுத்தார்கள்.

எடுத்து ஆறு வாரம் ஆவதற்குள், டிசம்பர் 17, சனிக்கிழமை மதியம், அதே கோல்ட்ஸ் மின்னியாபொலிஸில் ஆடியது. நான் சோபாவில் படுத்துக்கொண்டு பார்த்தேன். பாதி ஆட்டத்தில் கோல்ட்ஸ் 33, மின்னசோட்டா வைக்கிங்ஸ் 0. ரைக் போனதும் நன்றாகத்தான் ஆடுகிறார்கள் என்று கொஞ்சம் எரிச்சலோடு டிவியை அணைத்துவிட்டு, இட்லிக்கு உளுந்து வாங்க இந்தியக் கடைக்குப் போனேன். எடிசன் பக்கம் சனிக்கிழமை சாயங்காலம் வண்டி நிறுத்த இடம் தேடுவதற்கே அரைமணி ஆகும். உளுந்து, கறிவேப்பிலை, அப்புறம் வாங்கவேண்டிய தேவையே இல்லாத ஒரு பாக்கெட் முறுக்கு. திரும்பி வந்து போனைப் பார்த்தால் பஃபலோ எண்ணிலிருந்து மூன்று தவறிய அழைப்புகள்.

கூப்பிட்டேன். பின்னால் ஒரே கூச்சல். ஆர்ச்சர்ட் பார்க் மைதானத்து வண்டி நிறுத்தத்தில் நிற்பதாகச் சொன்னார். அன்று இரவு அங்கே பில்ஸுக்கும் மயாமி டால்ஃபின்ஸுக்கும் ஆட்டம். மகன் அழைத்து வந்திருந்தான். அந்த மூக்கொழுகிப் பையனுக்கு இப்போது முப்பத்தெட்டு. மின்னசோட்டா 39-36 என்று கூடுதல் நேரத்தில் வென்றுவிட்டதாம். 33 புள்ளி. முப்பது வருடமாகப் பஃபலோ வைத்திருந்த சாதனை ஒரு புள்ளியில் போயிற்று. பிளேஆஃப் ஆட்டங்களுக்கான சாதனை மட்டும் இன்னும் நம்மிடம்தான் இருக்கிறது என்று இரண்டு முறை அழுத்திச் சொன்னார். அதுவும் தோற்றது ரைக்கைத் துரத்தியவர்கள் என்பதில் அவருக்கு மறைக்கமுடியாத சந்தோஷம்.

எந்த இடம் வரைக்கும் பார்த்தாய் என்று கேட்டார்.

நான் கொஞ்சம் யோசித்தேன். உளுந்து மூட்டை இன்னும் கையில்தான் இருந்தது. பாதி வரைக்கும் என்றேன்.

அந்தப் பக்கம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு போனைத் தூரமாக வைத்துக்கொண்டு மகனிடம் சத்தமாக ஏதோ சொன்னார். இரண்டு பேரும் சிரிப்பது கேட்டது, இருமல் வரும்வரை சிரித்தார்கள். அன்று இரவு பஃபலோவில் பனி கொட்டியது. நான் முறுக்குப் பாக்கெட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு கடைசி நொடி வரை உட்கார்ந்திருந்தேன். நான்காம் பகுதியில் எட்டுப் புள்ளி பின்தங்கியிருந்த பில்ஸ், கடிகாரம் ஓடித் தீர்ந்த நேரத்தில் உதைத்த உதையில் 32-29 என்று வென்றது. கேமரா கூட்டத்தைக் காட்டிய ஒவ்வொரு தடவையும் குட்டையாக, தொப்பையோடு ஒருவரைத் தேடினேன். எல்லோருமே பனியில் வெள்ளையாக இருந்தார்கள்.